ஏழாம் நம்பர் மலையின் வெள்ளி

சேசு மரி சூசை துணை

நோட்டன் பிரிட்ஜ்,
12.2.1954

அன்புள்ள தம்பி றோலண்டுக்கு,

அக்கா ஜோசப்பின் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்குப் பனிக்காலத்து இருமல் மட்டும் விடவில்லை. உன் சுகத்தைப் பக்கீர் நானா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கடைக்குச் சாமான் எடுக்க ஹட்டனுக்கு வந்தவர் என்னைக் கண்டு, "டீச்சர், தம்பி மூணு கிழமையா பெரட்டுக்கே போகல்லையாம். மண்ணு தோண்டுற அலவாங்கத் தோள்ல வச்சிக்கிட்டு மலை மலையா ஏறுறாரு" என்றார். நடு வீதியில் எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கணக்கப்பிள்ளை வேலை உனக்கு லேசிலா கிடைத்தது? காலையில் பெரட்டுக்களத்தில் நின்று மற்றவர்கள் வந்தார்களா என்று பேர் பதிய வேண்டியவனே வராவிட்டால் யார் பொறுப்பார்கள்?

அதை விடு. தலை போகிற விஷயம் வேறு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இந்த வருஷக் கடைசிக்குள் நான் இந்த நாட்டுப் பிரஜை என்று காட்டாவிட்டால் என் உத்தியோகம் போய்விடும். அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று காட்டினால் போதும், நீயும் நானும் பிரஜைகள். இல்லாவிட்டால் இரண்டு பேரையும் இந்தியாக்காரர்கள் என்று எழுதிவிடுவார்கள். இந்தியா எந்தத் திசையில் இருக்கிறதென்றாவது உனக்குத் தெரியுமா?

மூக்கன் என்று இருந்த அப்பா, ஞானஸ்நானம் வாங்கிச் செபஸ்தியாம்பிள்ளை ஆனதற்குக் கோயில் புத்தகத்தில் பதிவு இருக்கிறது. சுவாமியாரிடம் நகல் வாங்கிவிட்டேன். இல்லாதது அப்பாவின் பிறப்புத் துண்டுதான். நாலாக மடித்த பழைய தாள் என்கிறார் அம்மா. தகரப் பெட்டியில் இருந்தது, இப்போது காணோம். கிறிஸ்மஸுக்கு வந்தபோது நீ அந்தப் பெட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தாயே, கண்ணில் பட்டதா? உடனே எழுது.

அன்புடன் அக்கா,
ஜோசப்பின்


டயகம,
1.3.1954

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பி றோலண்ட் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. நான் நல்ல சுகம். அம்மாவுக்குக் கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள், இருமல் போய்விடும்.

பக்கீர் நானா சொன்னதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். அப்பா சொல்வாரே, வெள்ளைக்காரத் துரை ஒருவர் மலையைக் குடைந்து வெள்ளி எடுத்தார், காய்ச்சலில் ஆட்கள் செத்ததும் போட்டது போட்டபடி போய்விட்டார் என்று. சும்மா கதை என்று நாம் சிரித்தோம். கதை இல்லை அக்கா! அப்பா கைப்பட வரைந்த படம் என்னிடம் இருக்கிறது. காப்பிங் பென்சிலால் வரைந்திருக்கிறார். ஒரு மலை, அதற்குள் 7 என்று நம்பர், பக்கத்தில் ஓடை, ஓடைக்கு மேலே இரட்டைப் பாறை, பாறைக்குப் பின்னால் ஒரு சிலுவைக் குறி. அந்த இடம்தான் சுரங்கத்தின் வாய். எந்தத் தோட்டம் என்றுதான் குறிக்கவில்லை. பரவாயில்லை, அப்பா ஆயுசு முழுக்க உழைத்தது டயகமவில்தானே. இங்கேதான் இருக்கும்.

இங்கே ஏழாம் நம்பர் மலையில் ஒவ்வொரு தேயிலைத் தூராகப் பார்த்துவிட்டேன். ஓடை இருக்கிறது. பாறை ஒன்றுதான் இருக்கிறது. மற்றது உருண்டு போயிருக்கலாம்.

துண்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. பெட்டிக்கு அடியில் நன்றாகத் தேடிப் பாருங்கள். வெள்ளி கிடைத்துவிட்டால் உங்களுக்கு உத்தியோகமே தேவையில்லை. அம்மாவுக்கு என் முத்தம்.

தங்கள் தம்பி,
றோலண்ட்


நோட்டன் பிரிட்ஜ்,
9.3.1954

தம்பி றோலண்டுக்கு,

நாங்கள் சுகம். இருமலுக்குக் கொத்தமல்லி நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா?

பாறைக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய், துண்டுக்கு ஒரு வரி. பெட்டிக்கு அடியில் தேடச் சொல்கிறாய். மூன்று தரம் கவிழ்த்துக் கொட்டியாகிவிட்டது ராசா. அம்மாவின் கலியாணச் சேலை, அப்பாவின் கம்பளி, நாலு பூச்சி உருண்டை. வேறு ஒன்றும் இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "அவன் எடுத்திருக்க மாட்டான், சின்னப்புள்ள" என்கிறார். சின்னப்புள்ளைக்கு வருகிற ஆவணியில் இருபத்தொன்பது.

ஏழாம் நம்பர் மலை என்கிறாயே, அது இல்லாத தோட்டம் இந்த மலைநாட்டில் எங்கேயடா இருக்கிறது? தேயிலை மலைக்கெல்லாம் நம்பர் போட்டுத்தானே வைத்திருக்கிறார்கள்? கணக்கப்பிள்ளைக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கிறது. ஹட்டனிலிருந்து வலப்பனை வரைக்கும் ஏழு ஏழாகத் தோண்டிக்கொண்டே போகப் போகிறாயா?

இன்னொன்று. அப்பா உனக்கு எப்போது படம் கொடுத்தார்? ஆஸ்பத்திரியில் கடைசி ஒரு மாசமும் பக்கத்தில் இருந்தவள் நான். ஒரு பென்சிலைக்கூட அவர் கேட்டதில்லை. யோசித்துப் பதில் எழுது.

ஜோசப்பின்


மே/பா இப்றாஹிம் கடை,
வலப்பனை,
18.5.1954

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

தம்பியின் தோத்திரம். சுகமாக இருக்கிறேன், காலில் அட்டை கடித்த புண்ணைத் தவிர. நீங்களும் அம்மாவும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன். இரண்டு மாசமாக எழுதாததை மன்னிக்க வேண்டும்.

மேல்விலாசம் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டயகமவில் வேலை நின்றுவிட்டது. அதன் பிறகு நீங்கள் எழுதியதையே வழியாகப் பிடித்துக்கொண்டேன். தோட்டம் தோட்டமாக ஏழாம் நம்பர் மலையைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். இதுவரை பதினொன்று. ஒரு தோட்டத்தில் செல்லசாமிக் கங்காணி என்னைக் கொழுந்து திருட வந்தவன் என்று பிடித்து, தோட்டத்து மேலதிகாரி கண்டாக்கையாவிடம் கொண்டுபோய் நிறுத்தினார். அவர், "படிச்ச ஆளாட்டம் இருக்கீங்க, ஒங்களுக்கு ஏங்க இந்த வேல?" என்று கேட்டு, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். வழியில் கண்ட இப்றாஹிம் நானா, இந்தப் பக்கம் எங்கேயோ இரட்டைப் பாறை உள்ள மலை ஒன்று இருக்கிறது, எந்தத் தோட்டம் என்று தெரியாது என்றார். அதனால்தான் வலப்பனைக்கு வந்தேன்.

படம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பொய் சொல்ல மனசு வரவில்லை. அப்பா கொடுக்கவில்லை. கிறிஸ்மஸுக்கு வந்தபோது பெட்டியில் அப்பாவின் கம்பளிக்குள் இருந்தது. கேட்டால் சத்தம் போடுவீர்கள் என்று கேட்காமல் எடுத்துக்கொண்டேன். ஆனால் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன். மாசியில் மழை பட்டு மடிப்பில் கிழியப் பார்த்தது. பக்கீர் நானா கடையில் கோதுமை மா வாங்கிப் பசை காய்ச்சி, படம் மேலே தெரியும்படி சீத்தைத் துணியில் ஒட்டிவிட்டேன். இப்போது தகரம் மாதிரி இருக்கிறது. பின்பக்கம் ஏதோ சிங்களத்தில் எழுதியிருந்தது, பழைய கடைச் சீட்டாக இருக்கும். அது துணிப் பக்கம் போய்விட்டது. படத்துக்கு ஒரு சேதமும் இல்லை.

தங்கள் தம்பி,
றோலண்ட்


நோட்டன் பிரிட்ஜ்,
24.5.1954

அடேய் றோலண்ட்,

சுகம் விசாரிக்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை.

நாலாக மடித்த பழைய தாள். அம்மாவின் பெட்டி. சிங்கள எழுத்து. அதுதானடா அப்பாவின் பிறப்புத் துண்டு! அந்தக் காலத்தில் சிங்களப் பதிவுகாரர் தன் கையால் எழுதிக் கொடுத்தது. வீட்டில் வேறு தாள் இல்லாமல் அப்பா அதன் முதுகில் படம் வரைந்து வைத்திருக்கிறார், அவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. நான் இங்கே மூன்று மாசமாகத் தொலைந்ததைத் தேடித் தரச் சொல்லி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருக்கிறேன், நீ என்னுடைய உத்தியோகத்தையும் உன்னுடைய நாட்டையும் கோதுமை மாவில் ஒட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாய்! கடைச் சீட்டாம்! எந்தக் கடையில் முத்திரை குத்திச் சீனி விற்கிறார்கள்?

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பிறகு, "நல்லா ஒட்டியிருக்கானா, இல்ல அரைகொறையா ஒட்டியிருக்கானான்னு கேளு" என்றார்.

கேட்டுக்கொள். நீயாக நனைக்காதே. நீயாக உரிக்காதே. வெயிலில் வைக்காதே, மழையில் காட்டாதே. உன் படத்தை வேறு தாளில் பார்த்து வரைந்துகொண்டு, துணியோடு அப்படியே எனக்கு அனுப்பு. நம்பிக்கையான ஆள் கையில் அனுப்பு.

ஜோசப்பின்


வலப்பனை,
31.5.1954

அன்பு அக்காவுக்கு,

தோத்திரம் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

உங்கள் கடிதத்தை இப்றாஹிம் நானா கடை வாசலில் நின்று வாசித்தேன். அப்படியே அரிசி மூட்டையில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒரு சிங்கள எழுத்தும் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். சத்தியமாக வேண்டுமென்று செய்யவில்லை.

நானாவின் மரக்கறி லொறி நாளைக்கு ஹட்டனுக்கு வருகிறது. அவரே கூட வருகிறார். துணியை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்துக் கட்டி அவர் கையில் கொடுத்திருக்கிறேன். அம்மாவிடம் சொல்லுங்கள், நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறேன். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

படத்தைப் பார்த்து வரைந்துகொண்டேன். அப்பாவின் கை போல வரவில்லை. கிழியாமல் வந்துவிட்டால் ஒரு வரி எழுதுங்கள். வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

றோலண்ட்


நோட்டன் பிரிட்ஜ்,
20.6.1954

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். துண்டும் சுகம். இனிச் சோறு சாப்பிடு.

மூன்று நாள் பிடித்தது. இட்டலிப் பானை ஆவியில் துணியைக் காட்டிக் காட்டி, அம்மா ஊசி முனையால் நூல் நூலாக உரித்தெடுத்தார். நான் தொட்டால் கையில் அடித்தார். ஈரம் பட்டதும் அப்பாவின் காப்பிங் பென்சில் கரைந்து அம்மாவின் விரலெல்லாம் ஊதாவாகிவிட்டது. இரண்டு நாள் கையைத் தேய்த்துக் கழுவாமல் வைத்திருந்தார். மறுபக்கத்து மை அசையவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சிங்கள டீச்சர் வாசித்துச் சொன்னார். பிள்ளையின் பேர் மூக்கன், தகப்பன் கந்தப்பன், பிறந்த வருஷம் 1889. பிறந்த இடமும் தெளிவாக இருக்கிறது. அந்த இடத்தின் பேரைக் கேட்டதும் நான் சிரித்த சிரிப்பில் டீச்சர் பயந்துவிட்டார். றோலண்ட், உன்னுடைய சுரங்கம் எங்கே இருக்கிறது என்று அந்தத் துண்டிலேயே எழுதியிருக்கிறது! நீ பசை பூசிய பக்கத்தில்!

எங்கே என்று இப்போது சொல்ல மாட்டேன். சொன்னால் நீ கீழே இறங்கி வரவே மாட்டாய் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேர் பேரிலும் பிரஜாவுரிமை மனு போட்டிருக்கிறேன். விசாரணை செப்டம்பர் 14ஆம் தேதி காலை பத்து மணிக்கு நுவரெலியா அரசாங்கக் கச்சேரியில். ஒவ்வொருவரும் நேரில் போக வேண்டும், ஆள் வராவிட்டால் மனு தள்ளுபடி. வா, வந்து பதில் சொல். வெளியே வந்ததும் இடத்தைச் சொல்கிறேன். மாதா சாட்சியாகச் சொல்கிறேன், இதில் பொய் இல்லை.

அன்புடன் அக்கா,
ஜோசப்பின்


வலப்பனை,
2.7.1954

அன்பு அக்காவுக்கு,

தோத்திரம். நீங்களும் ஊதாக் கை அம்மாவும் சுகம்தானே?

இது நியாயமா? பதினாலு ஏழாம் நம்பர் மலை ஏறி இறங்கியவனிடம், "எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்" என்று எழுதுகிறீர்களே! சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடிக்க வைக்கச் சீனியைக் காட்டிவிட்டு ஒளித்து வைப்பீர்கள். அந்தப் புத்தி இன்னும் போகவில்லை. தோட்டத்தின் முதல் எழுத்தையாவது எழுதினால் என்ன?

வருகிறேன். வராமல் எங்கே போகிறேன்? ஆனால் இடம் சொல்லாமல் ஏமாற்றினால் அங்கேயே கச்சேரி வாசலில் சத்தம் போடுவேன், சொல்லிவிட்டேன்.

றோலண்ட்


நோட்டன் பிரிட்ஜ்,
20.9.1954

என் தம்பி றோலண்டுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறிப் போய் ஆறு நாள் ஆகிறது. அம்மா என்னோடு பேசுவதில்லை.

நடந்ததை எனக்கு நானே எழுதிப் பார்க்கிறேன். நீ சொன்ன நேரத்துக்கு வந்தாய். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு. கதவுக்குப் பக்கத்தில் நின்று, "இப்பவாவது சொல்லுங்கக்கா, எங்க?" என்று கேட்டாய். நான், "மொதல்ல உள்ள போயி ஒழுங்காப் பதில் சொல்லு, அப்புறம் பாப்போம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற பேச்சு. என்னை முதலில் கூப்பிட்டார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காதபடி தனித்தனியாகத்தான் கேட்கிறார்கள் என்பது உள்ளே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்பா பிறந்த இடம் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன், துண்டோடு ஒத்துப் போனது. மறு கதவால் அனுப்பிவிட்டார்கள். உன்னிடம் வந்து சொல்ல வழி இல்லை.

நீ டயகம என்று சொல்லியிருக்கிறாய், பிறகு கச்சேரிக் கிளாக்கர்தான் சொன்னார். வேறு என்ன சொல்வாய்? விசாரணை ஐயா துண்டைப் பார்த்து, "சொந்தத் தகப்பன் பிறந்த இடம் தெரியாத இவர் மகன்தானா?" என்று கேட்டாராம். என் மனுவை ஏற்றுக்கொண்டார்கள், உன்னுடையதை ஒத்தி வைத்துவிட்டார்கள். மறு விசாரணை நவம்பர் 25.

பிழை என்னுடையது. உன்னை இறக்குவதற்காக மறைத்த ஒரு பேரால் நான் உள்ளே வந்துவிட்டேன், உன்னை வெளியே நிறுத்திவிட்டேன். என் உத்தியோகம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவது?

இதோ எழுதுகிறேன். வலப்பனை, கிரிகல்லத் தோட்டம், ரிதீவல லயம். சிங்களத்தில் ரிதீ என்றால் வெள்ளி, வல என்றால் குழி என்று டீச்சர் சொன்னார். சுரங்கத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில்தான் அப்பா பிறந்திருக்கிறார். போ ராசா, போய்த் தோண்டு. இனி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இருபத்தைந்தாம் தேதிக்கு மட்டும் வந்துவிடு.

உன் அக்கா,
ஜோசப்பின்


வலப்பனை,
24.10.1954

அன்பு அக்காவுக்கு,

தோத்திரம். நான் சுகம். அம்மாவை உங்களோடு பேசச் சொல்லி நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். ஒரு வரி அக்கா. ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாம். அப்பாவுக்குப் பிறந்தவனா என்று ஒரு மனுஷன் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அப்பாவின் சுரங்கத்துக்காக வருஷம் முழுக்க அலைந்தவனுக்கு, அவர் எங்கே பிறந்தார் என்று கேட்கத் தோன்றவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அதனால்தான் உங்கள் முகத்தைப் பார்க்காமல் பஸ் ஏறினேன். உங்கள் மேல் பாதி, என் மேல் பாதி.

கிரிகல்லத் தோட்டம் இப்றாஹிம் நானா கடையிலிருந்து இரண்டு மைல். ஐந்து மாசம் அந்த மலைக்கு இந்தப் பக்கத்தில் நின்று தோண்டியிருக்கிறேன்! ஏழாம் நம்பர் மலை, ஓடை, இரட்டைப் பாறை, எல்லாம் அப்பா வரைந்தபடியே இருக்கிறது. லயம் இல்லை. மூன்று வரிசை அத்திவாரக் கல், ஒரு அம்மி, அவ்வளவுதான். அங்கே கொழுந்து எடுக்கிற லெட்சுமி என்ற அம்மா சொன்னார்: "குழியில வேல செஞ்சவுக இருந்த லயமுங்க. காய்ச்ச வந்து பாதிப் பேரு போய்ட்டாக, மிச்சப் பேர டயகமப் பக்கம் ஏத்தி விட்டாகளாம்." அப்பா தன் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி டயகம போயிருப்பார். படத்தைப் பாட்டன் சொல்லக் கேட்டுத்தான் வரைந்திருக்க வேண்டும்.

அந்த அத்திவாரத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பிறகு சுரங்கத்துக்குள் போனேன். மற்றது நேரில்.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள்: செபஸ்தியாம்பிள்ளை என்கிற மூக்கன், கந்தப்பன் மகன். பிறந்த இடம் வலப்பனை, கிரிகல்லத் தோட்டம், ரிதீவல லயம். இப்றாஹிம் நானா அதைச் சிங்களத்தில் எழுதவும் பழக்கியிருக்கிறார். இருபத்தைந்தாம் தேதி வருகிறேன். கேட்கட்டும்.

தங்கள் தம்பி,
றோலண்ட்


நோட்டன் பிரிட்ஜ்,
9.12.1954

அன்புள்ள தம்பி றோலண்டுக்கு,

நானும் அம்மாவும் சுகம். அம்மா பேச ஆரம்பித்துவிட்டார், இப்போது நிறுத்துவதுதான் பாடு. உன் மனுவையும் ஏற்றுக்கொண்டதாக இன்றைக்குத் தபாலில் வந்தது. இரண்டு கடதாசியையும் அம்மா தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இதுக்கு மேல யாரும் இந்த வீட்டுல பசை காய்ச்சக் கூடாது" என்கிறார்.

என் விசாரணை முடிந்துவிட்டதால் அன்றைக்குக் கதவுக்கு வெளியே நிற்க விட்டார்கள், கேட்டேன். ஐயா கேள்வியை முடிக்கவில்லை, நீ தோட்டம், லயம், பாட்டன் பேர், அத்திவாரக் கல்லு வரைக்கும் ஒப்பித்துவிட்டாய். "போதும், போதும்" என்று அவரே நிறுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, எழுதுவதற்கென்ன.

ஆனால் தம்பி, வெளியே வந்தவன் நின்று பேசினாயா? இப்றாஹிம் கடையில் வேலைக்கு நேரமாகிறது என்று பஸ்ஸுக்கு ஓடினாய். வெள்ளி இருந்ததா என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடி வந்தேன், சேலை தடுக்கி, ஒரு டீச்சர்! மிதிபலகையில் நின்று சிரித்துக்கொண்டு, "கிறிஸ்மஸுக்கு அம்மாவோட வலப்பனைக்கு வாங்கக்கா, பூசை முடிஞ்சதும் சொல்றேன்" என்கிறாய்!

அம்மாவுக்கு அந்த அத்திவாரத்தைப் பார்க்க வேண்டுமாம். இந்தக் குளிரில், இந்த இருமலோடு. சொன்னால் கேட்பதில்லை, கம்பளியை எடுத்து வெயிலில் போட்டாகிவிட்டது. இருபத்து மூன்றாம் தேதி வருகிறோம். பஸ் நிற்கிற இடத்தில் நில்.

அதற்குள் ஒரு தபாலட்டையில் இருந்தது அல்லது இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் நீ என்ன குறைந்தா போவாய்?

அன்புடன் அக்கா,
ஜோசப்பின்